மயில் கழுத்து நிறத்தில் ஒரு பொய்

மழைக்கு முன்னால் வரும் மின்னல் போல ஒரு கீற்று. அது ஒச்சப்பனின் இருட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில், லாரி டிரைவர் அய்யாவுவின் இருட்டில்.

"மின்னுதும்மா! மின்னுது!" என்று டாக்டரம்மாவிடம் கூவினான் அய்யாவு. ஒச்சப்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவன் ஒச்சப்பன். நெற்றியில் அடி. கண் இரண்டும் முழுசாகத்தான் இருந்தன. பின்னால் மூளைக்குப் போகிற நரம்பு நசுங்கிப் பார்வை போய்விட்டது. மருந்து கிடையாது என்றார்கள். சோதனையாக ஒரு வைத்தியம் உண்டு என்றார்கள்.

நெற்றியில் வயர். மெல்லிய மின்சாரம். சிலருக்கு நிஜ மின்சாரம், சிலருக்கு வெறும் வயர். யாருக்கு எது என்று மூன்று வாரம் சொல்ல மாட்டார்கள்.

தினமும் காலையில் ஏதாவது தெரிகிறதா என்று டாக்டரம்மா கேட்பார். தினமும் அய்யாவுக்கு மின்னும். தினமும் ஒச்சப்பனுக்கு இருட்டு.

ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டும். அதுவும் அய்யாவுக்காகவே கொட்டுகிற மாதிரி இருக்கும்.

ஐந்தாம் நாள் வாய் தானாகத் திறந்தது. "எனக்கும் மின்னுதும்மா. மஞ்சளா."

மறுநாள் பச்சை. அதற்கு மறுநாள் மயில் கழுத்து நிறம். பொய்க்குத்தான் எத்தனை நிறம்! அய்யாவு பேச்சைக் குறைத்துக்கொண்டான். அந்த மௌனம் ஒச்சப்பனுக்கு வெல்லமாய் இனித்தது.

மூன்று வாரம் முடிந்தது. டாக்டரம்மா பெயர்களை வாசித்தார். வெளிச்சமே தெரியாதவர்களுக்கு இனி நிஜ மின்சாரம். ஒச்சப்பனின் பெயர் வரவில்லை. தெரிகிறது என்றவனுக்கு எதற்கு?

கட்டில் இரும்பை இறுகப் பிடித்தான். பொய்க்குத் தானாகத் திறந்த வாய், இப்போது திறக்கவில்லை. செருப்புச் சத்தம் வாசல்வரை போய்விட்டது.

"அம்மா! எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. மொதல்ல இருந்தே இருட்டுத்தான். இவனுக்குத் தெரியுதேங்கிற வயித்தெரிச்சல்ல சொல்லிப்புட்டேன்."

செருப்புச் சத்தம் நின்றது. திரும்பி வந்தது.

"உங்களுக்கு வெச்சது வெறும் வயருங்க. அதுல எப்படி மயில் கழுத்து தெரிஞ்சுதுன்னு நாங்க மண்டையை ஒடச்சிக்கிட்டு இருந்தோம்."

குறிப்பேட்டில் பேனா கோடு இழுத்து அடிக்கும் ஓசை. மஞ்சள் போனது. பச்சை போனது.

"நாளைக்கு நிஜ மின்சாரம் வைக்கிறோம். வெளிச்சம் வரும்னு உறுதி கெடயாது. வரலைன்னா வரலைன்னு சொல்லணும்."

"சொல்றேம்மா."

அய்யாவு கட்டில் குலுங்கச் சிரித்தான். "அடப்பாவி மாப்ள! ஒன் மயில் கழுத்தக் கேட்டு நான் தூக்கமில்லாம வெந்து கெடந்தேன்டா. எனக்கு நெறமெல்லாம் இல்ல. ஓரத்துல ஒரு ஈ பறந்த மாதிரி. அம்புட்டுத்தான்."

ஒச்சப்பனும் சிரித்தான். வெளியே மழை விட்டிருந்தது.

சிரித்து ஓய்ந்தபின் அந்த ஈயை நினைத்துப் பார்த்தான். ஓரத்தில், வெள்ளையாய், ஒரே ஒரு ஈ.

அதன் மேலும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது.