வலப்பக்கத்துத் தசை

‘மார்பகப் படத்தில் கட்டி போலத் தெரிகிறது, ஊசி குத்திச் சோதிக்கவும்’ என்று கீழ்த்தளத்திலிருந்து அறிக்கை வந்தது. அடியில் என் மனைவியின் கையெழுத்து. மனைவி என்று சொல்லக்கூடாது. விவாகரத்தாகி இரண்டு வருஷமாகிறது, என் நாக்குக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. ஒரே மருத்துவமனை. அவள் கீழே படம் பார்க்கிறாள், நான் மேலே அறுக்கிறேன். அறிக்கைகளைத் தவிர எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

நோயாளி ஒரு கணக்கு டீச்சர். மெலிந்த உடம்பு, பயத்தில் வெளிறிய முகம். மார்பெலும்பை ஒட்டித் தொட்டுப் பார்த்தேன்.

“இடுப்புல கைய வச்சு நல்லா அழுத்துங்கம்மா.”

அழுத்தினார். என் விரலுக்கடியில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை விறைத்தது. கையை எடுத்ததும் தளர்ந்துபோனது. கட்டி இப்படி நடந்துகொள்ளாது.

சிலருக்கு மட்டும் அங்கே அப்படியொரு மெல்லிய தசை இருக்கும். இருப்பவர்களுக்கே தெரியாது. படத்தில் அது கட்டி வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும். நம்பி ஏமாந்தால் இல்லாத நோய்க்குக் கத்தியைத் தூக்குவோம். ஊசியை நிறுத்திவைத்து, ஸ்கேனுக்கு எழுதி அனுப்பினேன்.

சாயங்காலம் அவளே போனில் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

“தசைதான். நான் கோட்டை விட்டுட்டேன். எப்படிக் கண்டுபிடிச்ச?”

‘அழுத்தச் சொல்லிப் பார்த்தேன்’ என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். ஆனால் வைத்துவிட்டால் அடுத்து எப்போது பேசுவாளோ.

“உனக்கும் இருக்கு. வலது பக்கம்.”

“எனக்கா?”

“கல்யாணமான புதுசுல, அந்த அலமாரிக் கதவு சிக்கிக்கிச்சே. நீ தள்ளுனப்போ பாத்தேன்.”

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“இத்தன வருஷம் ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா அன்னிக்கே படம் எடுத்து மாணவங்களுக்குப் பாடம் நடத்தியிருப்ப. எனக்கு மட்டும் தெரிஞ்சதா ஒண்ணு இருக்கட்டும்னு நெனச்சேன்.”

திரும்பி வந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

“சரி, இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு” என்றாள் மெதுவாக. “டீச்சருக்கு நல்ல சேதிய நீயே சொல்லிடு.”

வைத்துவிட்டாள். பிரிந்தபோது சாமான்களையெல்லாம் பங்கு போட்டுக்கொண்டோம். அவளிடமிருந்து யாருக்கும் தெரியாமல் நான் எடுத்து வந்தது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டேன்.