வெந்நீர்க் குழாய்

வத்தலக்குண்டு சாலையில் உள்ள கோழிக்கறி பாக்கிங் கம்பெனியில் நான் கறி வெட்டுகிறேன். வெட்டும் அறை ஐஸ்பெட்டி மாதிரி குளிரும். செத்த கோழிக்கும் எங்களுக்கும் அங்கே ஒரே மரியாதைதான். மரத்துப்போன விரலைச் சூடாக்கப் பத்து நிமிஷம் கேட்டால், மேனேஜர் பெருமாள்சாமி கடிகாரத்தைக் காட்டுவார்.

போன மாதம் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார் என்றதும், மேனேஜரே சுவரில் ஒரு போர்டு மாட்டினார்: ‘அரை மணிக்கு ஒருமுறை வெந்நீரில் கை கழுவவும்.’ அன்றுதான் குழாயில் முதல்முறையாக வெந்நீரும் வந்தது. அதிகாரி பாராட்டினார். அடுத்த முறை சொல்லாமல் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அரை மணி ஆனதும், நாங்கள் பன்னிரண்டு பெண்களும் கத்தியை வைத்துவிட்டுக் குழாயடியில் நின்றோம்.

“என்ன பாண்டிச்செல்வி, இம்புட்டு நேரமா கை கழுவுவீக?” என்று என்னிடம் கேட்டார் மேனேஜர்.

“நீங்க மாட்டுன போர்டுதான சார். வேணாம்னா கழட்டிருங்க.”

அவர் போர்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கழற்றவில்லை.

நேற்று எடை சரிபார்க்க ஒரு மணி நேரம் உள்ளே நின்றவர், விரலை மடக்க முடியாமல் நேராகக் குழாயடிக்கு வந்தார்.

“வரிசைல வாங்க சார்,” என்றேன்.