ஹீட் டைப் வேணாம், மொதலாளி

சுந்தரலிங்கம் முதலாளி மாத்தளை டவுனில் கமலாட்சி வேலை பார்க்கும் மின்சாரச் சாமான் கடைக்குள் ஏறி வந்தபோது அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எண்பத்தெட்டில் பலாபத்வலையில் அவருடைய கராம்பு ஸ்டோருக்குள் புகையில் மூச்சுமுட்டிச் செத்த அழகம்மாவின் தங்கச்சி அவள். அப்போது சின்னப்பிள்ளை.

அன்று மிச்ச வேலைக்கு நின்றவள் அழகம்மா ஒருத்திதான். அவளே உள்ளே அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்தாள், கதவு திறந்துதான் கிடந்தது, பயத்தில் வழி தெரியாமல் விழுந்துவிட்டாள் என்று விசாரணையில் வாய் கூசாமல் சொன்ன மனுசன் இவர். கராம்பு திருட்டுப் போகுமென்று பெண்களை உள்ளே விட்டு வெளியே பூட்டுவார் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன, ஊர் வாயை மூடிக்கொண்டது. ஸ்டோருக்குத் தீ வைத்தவள் என்ற பேரோடுதான் அக்காவைப் புதைத்தார்கள். அது பொய்யென்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கவேண்டும். கமலாட்சிக்கு வேறொன்றும் வேண்டாம்.

"தீ சென்சர் இல்லாட்டி வெளிநாட்டுக்காரன் கராம்பு வாங்கமாட்டானாம்," என்றார் முதலாளி சலிப்போடு. "வீட்டுக்கும் ஸ்டோருக்கும் போடணும். நாங்க தினம் சாம்பிராணி போடுறவங்க. அதுக்கெல்லாம் கத்தக்கூடாது."

"அப்ப ஹீட் டைப்புங்க. சூடேறினாத்தான் கத்தும்."

"எல்லா எடத்துலயும் அதையே போட்டுடு."

சரியென்று தலையாட்டினால் போதும். என்றைக்காவது தீப்பிடித்தால், படுக்கையறையில் புகை நிறைந்து, பிறகு சூடேறி, அது கத்தும்போது இவர் கதை முடிந்திருக்கும். கேட்டதைத்தானே கொடுத்தாள் என்று பழியும் வராது. கமலாட்சிக்கு ஆசையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் செத்தவன் வாய் எதைச் சொல்லும்?

"வேணாங்க மொதலாளி. சமைக்கிற குசினிக்கும் மொளகு அரைக்கிற எடத்துக்கும் ஹீட் டைப். அங்க எப்பவும் புகையும் தூசியுமா இருக்கும். ஆள் படுக்கிற, ஆள் வேலை செய்யிற எடத்துக்கு, புகை வந்தாலே கத்துற ஸ்மோக் டைப்தான் போடணும். சாம்பிராணிச் சட்டியைப் படுக்கையறைக்குள்ள கொண்டு போகாதீங்க."

"கெட்டிக்காரியா இருக்கியே," என்று சிரித்தார் அவர்.

ஸ்டோரில் சென்சர் மாட்டப் போன அன்றுதான் பார்த்தாள். கராம்பு பொறுக்கும் பெண்கள் உள்ளே, பூட்டு வெளியே. என்ன நெஞ்சழுத்தம் இந்த ஆளுக்கு!

"ஒண்ணுக்குப் போகணும்னாலும் கதவைத் தட்டணும் புள்ள," என்றாள் அங்கே வேலை செய்யும் வேலம்மா. கமலாட்சி அவள் காதில் ஒரு யோசனை சொன்னாள். வேலம்மா சரியென்று தலையசைத்தாள்.

மறுநாள் சென்சரைச் சரிபார்க்கும் சாக்கில் கமலாட்சி திரும்ப வந்தாள். உள்ளே ஈரத் தேங்காய் மட்டையைச் சட்டியில் போட்டுப் புகைத்தது வேலம்மாதான். சென்சர் மணி அலறியது. முதலாளி ஓடிவந்து, இடுப்புச் சாவியால் பூட்டைத் திறந்தார். பெண்கள் இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

"இந்தச் சனியனை நிப்பாட்டுற பட்டன் எங்க?"

"உள்ளதாங்க. கடைசி மூலையில."

துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் உள்ளே போனார். சாவி பூட்டிலேயே தொங்கியது. கமலாட்சி கதவை இழுத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

கதவு படபடவென்று அதிர்ந்தது. "யாருடி அது? தெற கதவை."

"தட்டுங்க மொதலாளி. அழகம்மாவும் தட்டியிருப்பா. நான் அவ தங்கச்சி."

தட்டுவது நின்றது. மணியும் இருமலும் மட்டும் கேட்டன.

"அன்னைக்கு இந்தக் கதவு எப்படி இருந்துச்சு?"

"தெறந்து... தெறந்துதான் இருந்துச்சு."

"அப்படின்னா இன்னைக்கும் தெறந்துதான் இருக்கு. வெளிய வாங்க."

மறுபடி கதவு அதிர்ந்தது. பெண்கள் யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவின் அடிப்பக்கத்திலிருந்து, தரையில் உட்கார்ந்துவிட்டவரின் குரல் வந்தது.

"பூட்டியிருந்துச்சு. நான்தான் பூட்டினேன். சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. அந்தப் புள்ள அடுப்பு மூட்டல."

வேலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கமலாட்சி அழவில்லை. சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு கதவோரம் குனிந்தாள்.

"மணி கத்துதுங்க மொதலாளி, ஊருக்குக் கேக்கல. இன்னும் சத்தமா சொல்லுங்க."