தண்ணி வருதா மாப்பிள்ளை?

எங்கள் வீட்டின் கீழறை பாதி மண்ணுக்குள் புதைந்தது. அதன் மூலையில் ஒரு குழி, குழிக்குள் ஒரு பம்பு. மழைக்காலத்தில் மண்ணில் ஊறும் தண்ணீர் அந்தக் குழியில் வந்து சேரும். மட்டம் ஏறினால் மிதவை எழும்பும், பம்பு தானாக ஓடும், தண்ணீர் குழாய் வழியாக வீட்டுக்குப் பின்னால் போய்க் கொட்டும். பம்பு ஓடினால் அது அறை, ஓடாவிட்டால் கிணறு. இந்த வருடம் அந்த அறையில்தான் என் மகளும் மாப்பிள்ளையும், இன்னும் தலை நிற்காத என் பேத்தியும் இருந்தார்கள்.

குழந்தை பிறக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று நான்தான் அவர்களை வரச் சொன்னேன். காலையில் பேத்தியை ஒரு மணி நேரம் மடியில் போட்டுக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் வீடு பற்றி எரிந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

அப்படி ஒரு காலையில்தான் மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "அம்மா, அவரு வேற வீடு பாத்துட்டு இருக்காரு."

"ஏன், இங்க என்ன குறை?"

"குறையே இல்லாததுதான் குறை. துணி காயப்போடப் போனா அப்பா ஓடிவந்து வாங்கிக்கிறாரு. பல்பு மாத்தப் போனா 'நீங்க உக்காருங்க மாப்பிள்ளை'ங்கிறாரு. லாட்ஜ்ல தங்கியிருக்கிற மாதிரி இருக்குதாம் அவருக்கு. ஒரு வீடு பிடிச்சிருக்கு. இந்த மாசத்துக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"எங்க?"

"ரெண்டு பஸ் மாறணும்."

இரண்டு பஸ் என்றால் வாரம் ஒருமுறை பார்ப்பது, பிறகு மாதம் ஒருமுறை, பிறகு போட்டோ. மடியில் இருந்தவள் கொட்டாவி விட்டாள். அவளுக்கென்ன கவலை.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் டிப்போவில் மேற்பார்வையாளராக இருந்து, டிரைவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி அதட்டியே ஓய்வு பெற்றவர். என்னிடமும் மகளிடமும் இன்றும் அதே குரல்தான். மாப்பிள்ளையைக் கண்டால் மட்டும் தேன் தடவியது போல ஒரு குரல் எங்கிருந்தோ வந்துவிடும். மாப்பிள்ளை அதற்கு மேல். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. 'இது தெரியுதா, அது தெரியுதா' என்று நாள் முழுக்க ஊராரிடம் பணிவாகக் கேட்டுக் கேட்டு, எதையும் மறுத்துப் பேசவே வராது. இரண்டு பேரும் வாசலில் சந்தித்தால் 'நீங்க போங்க', 'இல்ல நீங்க போங்க' என்று நின்றுகொண்டே இருப்பார்கள். நடுவில் நான் புகுந்து போய்விடுவேன்.

மழைக்கு முன்னால் பம்பைச் சோதிப்பது எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலை. ஒருவர் கீழே குழியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இன்னொருவர் பின்பக்கம் குழாயின் வாயருகே நின்று, தண்ணீர் வந்ததும் கத்திச் சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் கத்தியது நான். இந்த முறை, "எனக்கு முட்டி வலிக்குது, மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்குங்க" என்றேன். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. வீட்டு வேலை ஒன்றிலாவது அந்தப் பிள்ளை கை வைக்கட்டும் என்றுதான்.

"அவரைப் போயா?" என்றார் இவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, நிக்கிற வேலைதானே" என்றார்.

மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையோடு பின்பக்கம் போய் நின்றார். கீழே இவர் ஊற்றினார். பம்பு உறுமும் சத்தம் எனக்குச் சமையலறை வரை கேட்டது.

"தண்ணி வருதா மாப்பிள்ளை?"

கொஞ்சம் பொறுத்து இவரே மறுபடி கேட்டார்.

"வருதுங்களா மாப்பிள்ளை?"

"ம்... பாக்கறேன் மாமா."

"வந்திருக்கணுமே. வந்துருச்சில்ல?"

"வந்துருச்சு மாமா."

இவர் உடனே சுவிட்சை அணைத்தார். குனிந்து குழியைப் பார்க்க அவர் இடுப்பு விடாது, காதை நம்பித்தான் எல்லாம். நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்தபோது மட்டம் சற்று இறங்கித்தான் இருந்ததாம். பிறகு மாப்பிள்ளைக்கு நன்றி சொன்னார், மாப்பிள்ளையும் அவருக்கு நன்றி சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அடுத்த வாரம் மழை பிடித்தது. இவர் பம்பு சுவிட்சைப் போட்டு வைத்தார். இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் மதியமும் நிற்கவில்லை. நான் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கீழே பம்பு ஓடத் தொடங்கியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கையைத் துடைத்துக்கொண்டு படியருகே போனால், மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, குழி நிரம்பி வழியுது. தொட்டிலுக்குக் கீழ வந்துருச்சு."

குழந்தையை வாங்கிக்கொண்டேன், நல்ல வேளை, அவளுக்குத் தூக்கம்கூடக் கலையவில்லை. சத்தம் கேட்டு இவர் அறையிலிருந்து வந்தார். "பம்பு நல்லா இருக்கே, சோதிச்சோமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாப்பிள்ளை கால்சட்டையை முட்டி வரை சுருட்டிக்கொண்டு படியில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, ஒன்னு சொல்லணும். அன்னைக்குத் தண்ணி வரல."

"என்னது?"

"ரெண்டு சொட்டு வந்துச்சு, அவ்வளவுதான். நீங்க வந்திருக்கணும்னு சொன்னீங்க. வரலைன்னு சொன்னா உங்க வேலையைக் குறை சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு..."

இவர் முழுதாகக் கேட்கக் காத்திருக்கவில்லை. அடுத்து வந்தது டிப்போ குரல்.

"அறிவிருக்கா உனக்கு? வரலைன்னா வரலைன்னு சொல்றதுக்கு என்ன? பச்சைக் குழந்தை தூங்குற ரூம்டா அது. இங்க நின்னு என் மூஞ்சியைப் பாத்தா தண்ணி இறங்குமா? போய் சுவிட்சை அணை. கட்டைமேல ஏறி நின்னு அணை. குழாய்தான் அடைச்சிருக்கு, குத்தி எடுக்க ஒரு கம்பியை எடுத்துட்டுப் பின்பக்கம் வா. செருப்பைக் கழட்டு, வழுக்கி விழுந்து தொலைக்காத."

எல்லாம் முடிந்தது, நாளைக்கே பெட்டியைக் கட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மகளும் என்னைப் பார்த்தாள். ஆனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தால், தோற்றுவிட்டோம் என்று நினைத்தவனுக்குப் பாஸ் என்று தெரிந்த மாதிரி இருந்தது. "சரி மாமா" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். இத்தனை மாதத்தில் அந்த ஆள் ஓடி நான் பார்த்ததில்லை.

குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, குடையோடு நானும் பின்னால் போனேன். மாப்பிள்ளை சேற்றில் குப்புறப் படுத்து, நுனி வளைத்த கம்பியைக் குழாய்க்குள் விட்டுத் துழாவினார். இவர் மேலே நின்று, "இடது பக்கம் திருப்பு, இழுக்காத, திருப்பு, சொன்னா கேளு" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். ஏதோ மாட்டியது. மாப்பிள்ளை ஒரு காலைச் சுவரில் உதைத்து இழுத்தார். கறுத்துப்போன துணி ஒன்று வெளியே வந்தது. அதன் பின்னாலேயே, குழாயில் நின்றிருந்த தண்ணீர் அவர் முகத்தில் பீய்ச்சி அடித்தது.

அவர் துணியைப் பிரித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். இவர் பனியன். இடது தோளில் நான் தைத்த ஒட்டு, சிவப்பு நூலில். அந்த நூலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும், கொடியில் காயும் இவர் பனியன்களில் அதே சிவப்பு ஒட்டைத் தினமும் பார்க்கிறவர்தானே. சட்டென்று அதைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"ஏதோ பழைய துணி மாமா. காத்துல வந்து அடைச்சிருக்கும்."

இவர் அந்தக் கையையே பார்த்தார். மழை வழுக்கைத் தலையில் விழுந்து மூக்கு வழியாக வழிந்தது.

"காத்து வந்து துடைப்பக் கட்டையால குத்தி உள்ள தள்ளுமா? எலி நுழையுதுன்னு வெயில் காலத்துல நான்தான் அடைச்சேன். எடுக்க மறந்துட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "எனக்காக நீ பொய் சொல்லாதப்பா. பொய் சொல்லி மரியாதை குடுக்கறதுக்கு வெளியாளுங்க இருக்காங்க."

மாப்பிள்ளையின் கண்ணாடி முழுக்கச் சேறு. அதைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டார். நான் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

பம்பை மறுபடி போட்டதும் குழாயில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சாயங்காலம் வரை இரண்டு பேரும் கீழே தரையைத் துடைத்தார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை சொன்னார், மாப்பிள்ளை செய்தார். ஒருமுறைகூட 'நீங்க உக்காருங்க' என்ற பேச்சு எழவில்லை. தொட்டிலைத் தற்காலிகமாக எங்கள் அறைக்கு மாற்றினோம். தற்காலிகம் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை மறுபடி சோதனை. நான் பேத்தியோடு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். கீழே வாளிச் சத்தம்.

"தண்ணி வருதா?"

"வருது. ஆனா குழாய் மூட்டுல கசியுது. நீங்க சுத்தின டேப் சரியில்ல மாமா."

கீழே வாளியை நங்கென்று வைக்கும் சத்தம்.

"அப்ப நீயே வந்து சுத்து. பெருசா பேச வந்துட்டான்."

பின்பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. துணி மடித்துக்கொண்டிருந்த மகள் என் காதருகே குனிந்தாள். "அந்த வீடு வேண்டாம்னு நேத்தே சொல்லிட்டாரும்மா."

"என்ன காரணம் சொன்னாரு?"

"எங்க வீட்டுல பம்பு பாக்க ஆள் இல்லன்னு."

"எங்க வீட்டுலன்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னாள். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, பேத்தி என் விரலைப் பிடித்திருந்தாள்.