எழுபது கிலோமீட்டர்

இயேசுதாசனின் மாருதி காருக்கு வாய் முளைத்து எட்டு மாதம் ஆகிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் இடது முன்சக்கரத்துப் பக்கமிருந்து 'டக்' என்று சத்தம். போன கிறிஸ்துமஸுக்கு ஹைதராபாத்திலிருந்து வந்த மகள் லீனா, திருப்பதி ரயிலடியிலிருந்து சித்தூர் வரை முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தாள். "அடுத்த வாட்டி நான் பஸ்லயே வந்துர்றேன் நைனா" என்றும் சொல்லிவிட்டாள்.

அந்தப் பேச்சு மனுஷனை உலுக்கிவிட்டது. மனைவி கிருபாவதி இறந்து மூன்று வருடம். லீனா வீட்டுக்குள் கால் வைத்தால் போதும், அத்தைமார்களும் சபைக்காரர்களும் மொய்த்துக்கொள்வார்கள். ஜெபம், பிரியாணி, மாப்பிள்ளைப் பேச்சு. நாலாம் நாள் ரயிலேற்றப் போகும்போதும் இரண்டு அத்தைகளாவது காரில் தொற்றிக்கொள்வார்கள். அப்பனுக்கென்று மிஞ்சுவது வருகிறபோது கிடைக்கும் எழுபது கிலோமீட்டர்தான். இந்த முறை அதில் ஒன்று கேட்டாக வேண்டும்: 'நானும் உன்னோட வந்து இருக்கட்டுமாம்மா?' போனில் கேட்டால் அழுதுவிடுவோம் என்று அவருக்குப் பயம்.

மெக்கானிக் ஷாக் அப்சார்பரை மாற்றினான். பணம் போனது, சத்தம் போகவில்லை. முப்பது வருடம் ஆலையில் பிட்டராக இருந்தவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வாசலிலேயே வேலையைத் தொடங்கினார். பானெட்டின் மூலையை அழுத்தி விட்டார். ஒரே துள்ளலில் அடங்கியது. ஷாக்கில் குற்றமில்லை. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார், பக்கவாட்டில் ஆட்டினார். அசையவில்லை. அப்படியானால் ஏதோ ஒரு புஷ்தான், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மெத்தையாகக் கிடக்கிற ரப்பர். எந்த புஷ் என்று தெரிய, வண்டியைத் தரையில் இறக்கி ஒருவர் குலுக்க வேண்டும், மற்றவர் ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஒருவருக்கு எங்கே போவது? எதிர்வீட்டுக்காரர்கள் குவைத்தில், பக்கத்து வீட்டு டைட்டஸ் சென்னையில். தெருவில் பாதி வீடுகளில் பூட்டுதான் குடியிருந்தது. இரண்டு நாள் காத்திருந்து, கடைசியில் பால்கார கோவர்த்தனனை மடக்கினார்.

"ரெண்டே நிமிசம் தான் சார், இன்னும் பத்து வீட்டுக்கு ஊத்தணும்" என்று கோவர்த்தனன் பானெட்டை அழுத்தி அழுத்தி விட்டான். இயேசுதாசன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிக்கொண்டே போனார். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற ஸ்டெபிலைசர் கம்பியின் நுனியில், உள்ளங்கையில் 'டக்' என்று தட்டியது.

"கெடச்சிச்சுப்பா! இரு, காப்பி போடறேன், துன்னறதுக்கும் ரொட்டி கீது."

"இன்னொரு நாளைக்கு சார்" என்று அவன் சைக்கிளை மிதித்துப் போய்விட்டான். இரண்டு டம்ளர் காப்பியையும் அவரே குடித்தார்.

பழைய புஷ்ஷைக் கழற்றியபோது உளுந்து வடையாட்டம் ஓட்டை அகன்றுபோயிருந்தது. புதுசைப் போட்டார். வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே நட்டைக் கடைசி முறுக்கு முறுக்கினார். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடும். வேலை தெரிந்தவன் அந்த அவசரம் படமாட்டான்.

காலை ரயிலில் லீனா வந்தாள். அமெரிக்காக்காரனின் பகலுக்காக இரவெல்லாம் போனில் பேசுகிற உத்தியோகம். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. திருப்பதியைத் தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நைனா, சத்தமே இல்ல!"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. சந்திரகிரி வரும்வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார். "லீனா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு நைனா."

முன்னால் போன லாரியைத் தாண்டிவிட்டுத் திரும்பினார். அவள் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.

இருமிப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார், பின்னால் வந்த பஸ்காரன் திட்டிவிட்டுப் போனான். தொட்டு எழுப்ப மனம் வரவில்லை. பாகாலா தாண்டி ஒரு பள்ளத்தைப் பார்த்து வேண்டுமென்றே வண்டியை இறக்கினார். வண்டி சத்தமில்லாமல் இறங்கி ஏறியது. அடுத்த பள்ளத்திலும் அப்படியே. இப்படியா ஒருத்தன் வேலை செய்வான் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வீட்டு வாசலில் அத்தைகள் காத்துக்கொண்டு இருந்தார்கள். கதவைத் திறந்த சத்தத்தில் லீனா விழித்தாள். "அதுக்குள்ள வந்துட்டமா? இப்டித் தூங்கி எத்தினி மாசமாச்சு! இன்னாவோ கேக்கணும்னியே நைனா?"

ஓர் அத்தை அதற்குள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் இயேசுதாசன். "சத்தம் வருதான்னு கேக்கலாம்னுதான்."