அஞ்சு நிமிஷ வெயில்

கேமராவில் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போன சுஜீதாவின் கட்டைவிரல், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அடுத்த படம் எது என்று அவளுக்குத் தெரியும். பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

முன்னறையில் அப்பா பெட்டிக்குள் கிடந்தார். மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். தெரணியகலை டவுனில் பேனர் அடிக்கிற புவாட் நானா இரண்டு தரம் போன் பண்ணிவிட்டார். பதினொரு மணிக்குள் படம் போனால்தான் ரோட்டு முனையில் கட்ட ஒன்றும், பெட்டியின் தலைமாட்டில் வைக்க ஒன்றும் அடித்துத் தருவார். இப்போதே மணி பத்தே கால்.

"கெடைச்சுச்சா?"

வாசலில் அண்ணன் மதுசன் நின்றான். நேற்று மத்தியானம் கொழும்பிலிருந்து வந்தவன், இன்னும் சட்டைகூட மாற்றவில்லை.

"பாத்துக்கிட்டிருக்கேன்ணே."

"ஊருல உள்ள கல்யாணத்தையெல்லாம் படம் புடிக்கிற. பெத்த அப்பனுக்கு ஒரு படம் இல்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அப்பா நாகலிங்கத்துக்கென்று இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் இருப்பவருக்கு முப்பது வயது, பார்த்தால் யாரோ மாதிரி இருக்கும். போனில் இருந்தவை திருவிழாக் கூட்டத்தில் எடுத்தவை, பெரிசாக்கினால் முகம் கலைந்துபோகிறது. மற்றவற்றிலெல்லாம் அவர் வேறெங்கோ பார்க்கிறார். அதற்கும் காரணம் சுஜீதாதான். அவள் வேலையில் பிளாஷ் கிடையாது, பெரிய விளக்குகள் கிடையாது. வெளியே, வெயிலில், ஆட்கள் தங்கள் பாட்டுக்குச் சிரிக்கும்போது எடுப்பாள். 'கேமராவைப் பாக்காதீங்க' என்பதுதான் எந்தக் கல்யாண வீட்டிலும் அவள் சொல்கிற முதல் வார்த்தை. அப்பா அதை வீட்டிலும் கடைப்பிடித்தார். அவள் கேமராவைத் தூக்கினாலே போதும், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரே ஒரு படத்தில் நேராகப் பார்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, டவுன் கடைக்காரர் வீட்டு ஷாமிளாவின் கல்யாணம். தேயிலைக்கு நடுவில், பங்களாப் புல்தரையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எடுக்க வேண்டும். வெயிலை முகத்துக்குத் திருப்பிக் கொடுக்கிற லேசான வெள்ளை ரெஜிபோம் பலகையைப் பிடிக்க வழக்கமாக வருகிற பிரதீபனுக்குக் காய்ச்சல். "நான் வாறேனே. வாளி வாளியா பால் தூக்கின கைதானே" என்று அப்பா கிளம்பிவிட்டார். முப்பத்தைந்து வருடம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்.

மத்தியானம் முழுக்க ஒரே மூட்டம். நாலே முக்காலுக்கு மேகம் விலகி மஞ்சள் வெயில் விழுந்தது. மிஞ்சிப்போனால் கால் மணி நேரம் நிற்கும். பெண்ணை நிறுத்துவதற்கு முன்னால் அதே இடத்தில் வேறு யாரையாவது நிறுத்தி வெளிச்சம் பார்ப்பது சுஜீதாவின் வழக்கம். அந்தப் படத்துக்கு மட்டும் கேமராவைப் பார்க்கச் சொல்வாள். வேலை முடிந்ததும் அழித்துவிடுவாள். அன்றைக்கு நிறுத்தியது அப்பாவை. அழிக்க மறந்துபோனாள்.

அந்தப் படத்தை எடுத்த பிறகுதான் அப்பா கேட்டார்.

"கொஞ்சம் உக்காந்துக்கவா புள்ள?"

"அஞ்சு நிமிஷம்ப்பா. வெயில் போயிரும்."

அவர் உட்காரவில்லை. வெயில் போகிறவரைக்கும் பலகையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றார். மறுநாள் விடியக்காலை அடுப்படியில் சரிந்தார். முச்சக்கர வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் உட்காரக் கேட்டதைச் சுஜீதா இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த படத்துக்குத் தள்ளினாள்.

பச்சைக்கு நடுவில் அப்பா. இடது கையில் மணப்பெண்ணின் பூச்செண்டு, முகத்தில் வெட்கமான ஒரு சிரிப்பு. வலது கை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. நெற்றி முழுக்க வியர்வை. அன்றைக்கு அவள் இதே படத்தைப் பார்த்தாள். வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

படத்தைப் போனுக்கு மாற்றி, சட்டைக் காலருக்குக் கீழே வெட்டி, புவாட் நானாவுக்கு அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் மதுசன் திரும்பி வந்தான்.

"நானா எனக்கும் அனுப்பினாரு, சரியான்னு கேட்டு. எப்ப எடுத்த?"

"கொஞ்ச நாளைக்கு முந்தி."

"இந்த நீலக் கோடு போட்ட சட்டைய போன வியாழக்கெழமதான் நான் பஸ்ல குடுத்தனுப்பினேன்." கையை நீட்டினான். "கேமராவக் குடு."

கொடுத்தாள். அவன் வெகுநேரம் பார்த்தான். முன்னறையில் அம்மாவின் அழுகை ஓய்ந்து, யாரோ பிளேன்டீ குடிக்கச் சொல்லி அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

"ம்."

"ஒன்னும் சொல்லலியா?"

இல்லை என்று சொன்னால் இதோடு முடிந்தது. கேட்டவர் பெட்டிக்குள் கிடக்கிறார், சாட்சிக்கு வரமாட்டார். ஆனால் வாய் வரவில்லை.

"உக்காந்துக்கவான்னு கேட்டாரு. நாந்தான் அஞ்சு நிமிஷம்னு சொன்னேன்."

அடிக்கப்போகிறான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மதுசன் கேமராவைக் கட்டிலில் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போனான்.

பன்னிரண்டரைக்கு இரண்டு படங்களும் வந்தன. வந்தவர்களெல்லாம் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் படத்தைப் பார்த்தார்கள். "உசுரோட நிக்கிற மாதிரியே இருக்கு" என்றார்கள். மேட்டு வீட்டுச் சிங்கள அக்கா சுஜீதாவின் கன்னத்தைத் தடவி, "ஹரிம லஸ்ஸனய் துவே" என்று படத்தின் அழகைச் சொன்னாள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் சுஜீதா தலையைக் குனிந்துகொண்டாள். மதுசன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு மணிக்குச் சடங்குக்காகப் பெட்டியை வாசலில் இறக்கினார்கள். லயத்து வீட்டுத் தகரக் கூரைக்கும் கூடாரத் துணிக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் வெயில் இறங்கி, சரியாக அப்பாவின் முகத்தில் விழுந்தது. வாய்க்கரிசி போட வரிசை நின்றது.

மதுசன் உள்ளே போனான். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த வெள்ளைப் பலகையோடு வந்தான். எல்லார் முன்னாலும் அதை உடைத்து எறியப்போகிறான் என்று சுஜீதா ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவன் நேரே வந்து அதை அவள் கையில் கொடுத்தான்.

"மொகத்துல வெயில் அடிக்குது. புடி."

தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். அப்பாவின் முகத்தில் நிழல் விழுந்தது. எடையே இல்லாத பலகைதான், ஆனாலும் கொஞ்ச நேரத்தில் தோள் கடுக்க ஆரம்பித்தது. பிறகு விரல்கள் மரத்தன. கால் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, அப்பாவின் தங்கச்சி மூக்காயி அத்தை பக்கத்தில் வந்தாள்.

"நேத்துலயிருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ. கொஞ்சம் உக்காரு புள்ள. வேற யாரும் புடிக்கட்டும்."

"அஞ்சு நிமிஷம் அத்தை."

பெட்டியருகில் நின்ற மதுசனுக்கு அது கேட்டது. கையிலிருந்த அரிசியைப் போடாமல் சற்று நேரம் நின்றான். பிறகு போட்டுவிட்டு, சுற்றி வந்து, பலகையின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். வரிசையில் இன்னும் இருபது பேராவது இருந்தார்கள்.