சிப் வாசிக்கப்பட்டது

அந்தக் குதிரைக்குப் பாஸ்போர்ட் இருந்தது. தக்சாயினியின் அப்பா ஜெர்மனியின் எசன் நகரில் வந்திறங்கியபோது அவரிடம்கூட அது இருக்கவில்லை. குதிரையின் பெயர் கொன்டெசா. ஸ்பெயினில் பிறந்து, எசனுக்கு வெளியே ஹோல்ட்கம்ப் என்ற வியாபாரியின் லாயத்தில் நின்று, இப்போது அமெரிக்காவுக்கு விலைப்பட்டிருந்தது. பல்லைக் காட்டுவதில் வியாபாரிக்கும் குதிரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குதிரை பொய் சொல்லாது, அவ்வளவுதான்.

உண்ணி கடித்து இரத்தத்துக்குள் புகுகிற ஒட்டுண்ணி ஒன்று இருக்கிறது. அது இருந்தால் அமெரிக்கா குதிரையை உள்ளே விடாது. ஸ்பெயின் பக்கத்துக் குதிரைகளில் அது சாதாரணம். வெளியில் ஒன்றும் தெரியாது, குதிரை மினுமினுத்துக்கொண்டு நிற்கும். இரத்தத்தைப் பார்த்தால்தான் உண்டு.

இரத்தம் எடுப்பவர் மிருக வைத்தியர் டொக்டர் ப்றுக்மன். அவருக்குப் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு போவது தக்சாயினி. வயது பதினேழு. அவரிடம் மூன்று வருட ஆஸ்பில்டுங் செய்கிற, அதாவது தொழில் பழகுகிற பிள்ளை. முதல் நான்கு மாதத்துக்குள் காரணம் சொல்லாமலே நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அது முடிய அதிக நாள் இருக்கவில்லை.

டொக்டரின் கிளினிக்கில் ஒரு பழக்கம். லாயத்துக் குளிரில் விரல் விறைக்கும், ஸ்டிக்கர் ஒட்டாது. ஆகவே பழகுகிற பிள்ளை காலையிலேயே மேசையில் இருந்து குப்பிகளில் பெயர் ஒட்டி, படிவத்தையும் நிரப்பிவிட வேண்டும். குதிரையின் கழுத்துக்குள் பதித்த சிப்பின் இலக்கத்தைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதி, ‘சிப் வாசிக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் சரி போட்டு, கையெழுத்தும் வைத்துவிட வேண்டும். சிப் வாசிக்கிற கருவி சார்ஜ் இல்லாமல் டொக்டரின் வான் வண்டிக்குள் எங்கேயோ கிடந்தது. ஜெர்மன்காரரின் ஒழுங்கைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு எவ்வளவு அளந்திருந்தார்கள்.

இரத்தம் எடுத்த அன்று ஹோல்ட்கம்ப் கொன்டெசா என்று சொல்லித் தன் கையாலேயே ஒரு மண்ணிறப் பெண்குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது தக்சாயினியின் ஜாக்கெட் கையைக் கடித்தது. தாடைக்குக் கீழே அதற்கு ஒரு பழைய தழும்பு. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒட்டுண்ணி இல்லை என்று ஆய்வுகூடத்திலிருந்து முடிவும் வந்தது.

திங்கட்கிழமை வேறொரு குதிரைக்குத் தடுப்பூசி போட அங்கேயே போனார்கள். கொன்டெசா என்று பெயர்ப்பலகை மாட்டிய அறையில் நின்ற மண்ணிறக் குதிரையின் தாடையை அவள் தடவினாள். தழும்பு இல்லை. இரண்டு அறை தள்ளி இன்னொரு மண்ணிறக் குதிரை கழுத்தை நீட்டி, அவளுடைய ஜாக்கெட் கையைத் தேடியது. அதற்குத் தழும்பு இருந்தது.

வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த அண்ணன் மதீசனின் காரில் ஏறியதும் அவள் சொல்லிவிட்டாள்.

“அண்ணா, அம்மாட்டச் சொல்லமாட்டியே?”

“ஆரும் பெடியனைப் பிடிச்சிட்டியோ?”

“விசர்க்கதை கதையாதை. வேற குதிரையின்ர ரத்தம் போயிருக்கு. என்ர கையெழுத்தோட.”

மதீசன் காரை ஓரம் கட்டினான். முழுவதையும் கேட்டான்.

“அப்ப சும்மா இரு. பதினொரு நாள்தானே. பிறகு உன்னை லேசில அசைக்கேலாது.”

“அமெரிக்காவில பிடிச்சா?”

“அதைக் குதிரைக்காரன் பாப்பான்.”

“பாப்பான். என்னைக் காட்டிப்போட்டுப் பாப்பான். படிவத்தில அவன்ர பேர் இல்லை.”

“அம்மா கோயில்ல எல்லாருக்கும் மகள் டொக்டராப் போறாள் எண்டு சொல்லி முடிச்சிட்டா.”

“குதிரைக்கு வால் பிடிக்கிறாள் எண்டு மாத்திச் சொல்லட்டும்.”

சிரித்தாள்.

மறுநாள் டொக்டரிடம் போனாள். அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“டொக்டர், அண்டைக்கு எடுத்தது கொன்டெசாவின்ர ரத்தம் இல்லை.”

அவர் திடுக்கிடவில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

“நீதானே சிப் வாசிச்சனி.”

“நான் வாசிக்கேல்லை.”

“கையெழுத்து ஆரின்ர?”

“என்ர.”

“அப்ப வாசிச்சிருக்கிறாய்.” ஒரு மிடறு குடித்தார். “உனக்கு இஞ்ச நல்ல எதிர்காலம் இருக்கு, பிள்ளை.”

இதைச் சொல்வதற்கு அந்த மனிதர் ஐந்தரை வருடம் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தார். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் வேறு. மிச்சமிருக்கிற பத்து நாள் வாயை மூடினால் மூன்று வருடமும் மூடவேண்டும் என்று அவளுக்கு விளங்கியது. அடுத்த குதிரைக்கும் அவள்தான் சரி போடுவாள்.

கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, ஏற்றுமதிச் சான்றிதழ் கொடுக்கிற அரச மிருக வைத்தியரின் அலுவலகத்துக்கு போன் எடுத்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் கதைத்தாள்.

“உங்களுக்கும் பிரச்சினை வரும். தெரியுமோ?” என்று கேட்டது ஒரு பெண்குரல்.

“ஓம். தெரியும்.”

புதன்கிழமை டொக்டரையும் அவளையும் ஹோல்ட்கம்பின் லாயத்துக்கு வரச்சொல்லிவிட்டு, அந்தக் குரலுக்குரிய பெண் அரச வைத்தியரே வந்தார், தன்னுடைய கருவியோடு. பெயர்ப்பலகை அறையில் நின்ற குதிரையின் கழுத்தில் அதை வைத்தார். இலக்கத்தைத் தக்சாயினி உரக்க வாசித்தாள். பாஸ்போர்ட்டில் இருந்த அதே இலக்கம். தழும்புக் குதிரையின் இலக்கம் வேறு. கொன்டெசாவிடம் புதிதாக இரத்தம் எடுத்தார்கள்.

“பழகிற பிள்ளை, மாறிப்போச்சு,” என்றார் ஹோல்ட்கம்ப், எல்லாப் பல்லும் தெரிய.

“குதிரையைக் கொண்டுவந்தது நீங்கள்,” என்றாள் அவள். பிறகு அரச வைத்தியரிடம், “சிப் வாசிக்காமல் கையெழுத்து வைச்சது நான். எழுதித் தாறன்,” என்றாள். வான் வண்டியின் முன்மூடியில் தாளை வைத்து எழுதியும் கொடுத்தாள். எழுத்துகள் கோணல்மாணலாகப் போயின.

டொக்டர் அவளுக்குப் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். “நாளைக்கு வரத் தேவையில்லை.”

“காரணம்?”

“காரணம் சொல்லத் தேவையில்லை.”

“அது தெரியும். ஆனாலும் இந்த அரச டொக்டர் நிக்கேக்க ஒருக்காச் சொல்லுங்கோவன். கேக்க ஆசையாக் கிடக்கு.”

அவர் அரச வைத்தியரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வான் வண்டிக்குப் போனார். தக்சாயினி கிளினிக்கின் பெயர் போட்ட ஜாக்கெட்டைக் கழற்றி, சாணி வண்டியின் விளிம்பில் போட்டாள். பேருந்துத் தரிப்பிடம் இரண்டு கிலோமீற்றர். ஜாக்கெட் இல்லாமல் குளிரில் நடக்கத் தொடங்கினாள்.